அரை டன் பிக்கப்பும் டிராவல் டிரெய்லரும்: இழுப்பது வேறு, சுமப்பது வேறு

அமெரிக்காவிலோ கனடாவிலோ டிராவல் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் கேட்பது, “என்ன டிரக் வைத்திருக்கிறீர்கள்?” என்பதுதான். எஃப்-150 என்றோ சில்வராடோ 1500 என்றோ சொன்னால் போதும். “அது 11,000 பவுண்டு இழுக்குமே, இந்த டிரெய்லர் வெறும் 6,000 தான்” என்று பதில் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர், யூடியூப் காணொளி, எங்கே கேட்டாலும் இதே கணக்கு. இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்த்துவிட்டு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

அந்த எண்கள் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அரை டன் டிரக்கில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இழுக்கும் திறன் அல்ல, சுமக்கும் திறன். இழுக்கும் திறனில் நாலாயிரம் பவுண்டு மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறன் முழுக்கக் காலியாகிவிடலாம். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எந்த டிரக், எந்த டிரெய்லர்

ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ஜிஎம்சி சியரா 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா ஆகிய இந்த வகைகளைத்தான் வட அமெரிக்காவில் அரை டன் டிரக் என்கிறார்கள். பழைய காலத்தில் இவை ஏற்றிய சுமை ஆயிரம் பவுண்டு (சுமார் 454 கிலோ) அளவில் இருந்தது. சுமை கூடிவிட்டது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்று இவற்றில் பெரும்பாலானவை 1,300 முதல் 2,000 பவுண்டு வரை ஏற்றும். எஃப்-250, ராம் 2500 போன்றவை இதற்கு அடுத்த படியான முக்கால் டன் வகை.

டிராவல் டிரெய்லரில் படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். எஞ்சின் மட்டும் இருக்காது. டிரக்கின் பின்பக்கம், பம்பருக்குக் கீழே உள்ள ஹிட்ச் என்ற கொக்கி அமைப்பில் ஓர் இரும்புப் பந்து இருக்கும். டிரெய்லரின் முன்முனை அந்தப் பந்தின் மேல் உட்காரும். டிரக்கின் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டிக்குள் ஏறி உட்காரும் ‘ஃபிஃப்த் வீல்’ வகை வேறு, அதை இங்கே விட்டுவிடுவோம்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு டிரெய்லர் விஷயத்தில் பாதி புரிந்த மாதிரிதான். நெல் மூட்டை அடுக்கும் வண்டிக்காரர் எத்தனை மூட்டை என்று மட்டும் பார்க்க மாட்டார், எது எங்கே போகிறது என்றும் பார்ப்பார். முன்னால் அதிகம் அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் லேசான முன்பாரம் இருக்கும்படி அடுக்குவார்கள். மாடு எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கணக்கு, அதன் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பது இன்னொரு கணக்கு.

டிரக்கிலும் இந்த இரண்டு கணக்குகள் உண்டு. எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்று நிறுவனம் சொல்லும் எண் டோ ரேட்டிங். டிரக் தன் மேல் எவ்வளவு எடையைச் சுமக்கலாம் என்பது பேலோடு. இரண்டையும் முடிச்சுப் போடுவது டங் வெயிட், அதாவது டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை. டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். இந்த ஒரு பங்கை மட்டும் டிரக் தாங்கியாக வேண்டும்.

டிராவல் டிரெய்லருக்கு டங் வெயிட், சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். கணக்குப் போடுவதற்கு 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம். 10-க்குக் கீழே போனால் வருவது பின்பாரத் தொல்லை. அது எவ்வளவு மோசமானது என்று பிறகு பார்ப்போம்.

ஆக, 7,000 பவுண்டு டிரெய்லரைப் பூட்டினால் டிரக்கின் மேல் கிட்டத்தட்ட 900 பவுண்டு ஏறி உட்காருகிறது. பேலோடில் கழியும் முதல் செலவு இது.

கதவில் ஒட்டியிருக்கும் எண்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் போட்டிருக்கும் அதே ஸ்டிக்கர்தான். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோ, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. உங்கள் டிரக்கின் பேலோடு அதுதான். விளம்பரக் கையேட்டில் இருப்பதல்ல, இணையத்தில் அதே மாடலுக்குப் போட்டிருப்பதும் அல்ல.

வேறுபாடு ஏன் வருகிறது? ஒவ்வொரு டிரக்குக்கும் மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு. வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான், டங் வெயிட் என எல்லாம் சேர்த்து அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க வழக்கில் இதை ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். இந்த வரம்பிலிருந்து, தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு இருக்கும் எடையை எரிபொருள் நிரம்பிய நிலையில் கழித்தால் மிஞ்சுவது பேலோடு. அப்படியானால் வண்டி கனக்கக் கனக்கப் பேலோடு குறையும். நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின், கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் படிக்கட்டு, மசாஜ் செய்யும் இருக்கை என ஒவ்வொரு வசதியும் பேலோடில் கை வைக்கும். ஒரே பெயர் கொண்ட இரண்டு டிரக்குகளில் எளியதற்கு 1,900 பவுண்டும், ஆடம்பரமானதற்கு 1,300 பவுண்டும் இருப்பது சாதாரணம். சுமை ஏற்றவென்றே தனித் தொகுப்போடு வந்த சில எஃப்-150 வண்டிகளில் இது 3,000-ஐத் தாண்டியதும் உண்டு. ஆனால் விற்பனை மையத்தின் முன்வரிசையில் அந்த வண்டி நின்றதில்லை.

அதிகப் பணம் கொடுத்து வாங்கும் டிரக் குறைவாகச் சுமக்கும் என்ற இந்த வேடிக்கை, டிரெய்லருக்காகவே டிரக் வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. வாங்கிய பிறகு நீங்கள் மாட்டும் தொட்டி மூடியும் கருவிப்பெட்டியும் ஸ்டிக்கரில் கழிக்கப்பட்டிருக்காது. அவற்றையும் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கூட்டல்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். டிரக்கின் டோ ரேட்டிங் 11,300 பவுண்டு. கதவு ஸ்டிக்கரில் 1,540 பவுண்டு. டிரெய்லரின் காலி எடை 6,000. ஒரு வாரப் பயணத்துக்குச் சாமான், தண்ணீர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு 7,200.

பொதுவான பேச்சில் இது ரொம்ப வசதியான ஜோடி. 11,300-க்கு எதிரே 7,200 என்றால் 4,100 பவுண்டு மிச்சம். இப்போது பேலோடைப் பாருங்கள். 7,200-இல் 13 சதவீதம் 936. இது டங் வெயிட். எடையைப் பகிரும் ஹிட்ச் (அது என்ன என்று கீழே வருகிறது) இரும்புக்கே 90. அப்பா 180, அம்மா 150, பெரிய பிள்ளை 110, சின்னது 70. ஆக ஆட்கள் 510. மொத்தம் 1,536.

மிச்சம் 4 பவுண்டு. டிரக்கின் தொட்டியில் விறகு இல்லை, சைக்கிள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, ஜெனரேட்டர் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போனால் வரம்பு தாண்டியாயிற்று. தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வரம்பும் உண்டு. டிரக், டிரெய்லர், ஆட்கள், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறுவனம் ஒரு கூட்டு எடை வரம்பு போட்டிருக்கும். அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொறுத்தது. டிராவல் டிரெய்லர் இழுக்கிறவர்கள் பெரும்பாலும் அதை எட்டும் முன்பே பேலோடில் முட்டிக்கொள்வார்கள், ஆகவே அதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

அந்த 11,000 எங்கிருந்து வருகிறது

டோ ரேட்டிங்கை வெறும் விளம்பர எண் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் சோதித்துத் தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டது உண்மைதான். 2008-இல் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற பொதுச் சோதனை விதியை வெளியிட்டது. 2011 மாடல் டன்ட்ராவுக்கு டொயோட்டா முதலில் அதைப் பின்பற்றியது. மற்ற பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் தயங்கிவிட்டுப் பின்னால் வந்தன.

சோதனையும் லேசுப்பட்டதல்ல. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கருகே, மாநிலச் சாலை 68-இல், 11.4 மைல் நீளமான ஏற்றம் ஒன்று இருக்கிறது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுசாகப் போட்டுக்கொண்டு, டிரெய்லரோடு அதில் ஏற வேண்டும். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் கொண்ட டிரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது, சூடாகி நிற்கவும் கூடாது. இது போக, கிளம்பும் வேகம், பிரேக் பிடிப்பு, ஆட்டம் ஆகியவற்றுக்கும் தனிச் சோதனைகள் உண்டு.

சிக்கல் இந்தச் சோதனையின் அனுமானங்களில் இருக்கிறது. உள்ளே ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர், ஆளுக்கு 150 பவுண்டு. டங் வெயிட் 10 சதவீதம். தொட்டியில் வேறு சுமை கிடையாது. உங்கள் வீட்டில் நான்கு பேர், டங் வெயிட் 13 சதவீதம், தொட்டியில் இரண்டு சைக்கிள் என்றால் அந்த எண் உங்கள் வண்டியைப் பற்றியதே அல்ல. 10 சதவீதக் கணக்கிலேயே பாருங்கள்: 11,300 பவுண்டு டிரெய்லரைப் பூட்டினால் டங் வெயிட் மட்டும் 1,130. மேலே சொன்ன 1,540-இல் மிஞ்சுவது 410. இருவர் உட்கார்ந்து ஹிட்ச்சையும் மாட்டினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். டோ ரேட்டிங்கை முழுசாகப் பயன்படுத்த வேண்டுமானால் குடும்பத்தில் பாதிப் பேரை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சுருக்கமாக, டோ ரேட்டிங் ஒழுங்காகச் சோதித்த எண். ஆனால் கிட்டத்தட்டக் காலி டிரக்குக்கான எண்.

காலி எடையை நம்பாதீர்கள்

டிரெய்லர் பக்கமும் இதே மாதிரி ஒரு கண்கட்டு உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது காலி எடை. தண்ணீர் இல்லாத, சாமான் இல்லாத டிரெய்லரின் எடை அது. அந்த நிலையில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 334 பவுண்டு. இரண்டு புரொபேன் சிலிண்டர் நிரம்பினால் 75 பவுண்டை ஒட்டி வரும். பேட்டரி ஒன்று 50, 60 பவுண்டு. சிலிண்டரும் பேட்டரியும் டிரெய்லரின் முன்முனையிலேயே உட்காருகின்றன, அதனால் கிட்டத்தட்ட முழு எடையும் ஹிட்ச் மேல் இறங்கும். கையேட்டில் போட்டிருக்கும் டங் வெயிட்டில் இவை பல சமயம் சேர்ந்திருக்காது. கையேட்டில் 640 என்று பார்த்துவிட்டு, சாலையில் 900-ஐத் தாண்டி நிற்பது இப்படித்தான்.

காலி எடையை விட்டுவிட்டு டிரெய்லரின் மொத்த எடை வரம்பை வைத்துக் கணக்குப் போடுங்கள் என்பதே என் யோசனை. அதுவும் டிரெய்லரின் ஸ்டிக்கரில் இருக்கும். அந்த அளவுக்கு ஏற்றவே மாட்டோம் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது கோடைக்குள் ஏற்றிவிடுவார்கள்.

940 எப்படி 1,320 ஆகிறது

இதுவரை எடையை மொத்தமாகப் பார்த்தோம். அது எங்கே விழுகிறது என்பதில்தான் உண்மையான சுவாரசியம். ஹிட்ச் பந்து பின்சக்கரங்களுக்கு நேர் மேலே இல்லை. அவற்றுக்குச் சுமார் 5 அடி பின்னால் இருக்கிறது. அங்கே கீழே அமுக்கினால், பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு டிரக்கின் மூக்கு மேலே எழும். முன் அச்சு இழக்கும் எடையும் பின் அச்சிலேயே போய்ச் சேரும்.

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் நம் உதாரணக் குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம். அந்த மேடை முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நிறுத்துக் காட்டும்.

டிரெய்லர் இல்லாமல், ஆட்களோடு டிரக் மட்டும்: முன் அச்சு 3,260, பின் அச்சு 2,840. மொத்தம் 6,100.

டிரெய்லரைப் பந்தின் மேல் வெறுமனே உட்கார்த்தி: முன் அச்சு 2,880, பின் அச்சு 4,160, டிரெய்லர் அச்சு 6,260.

டிரக்கின் மொத்தம் 6,100-இலிருந்து 7,040 ஆகியிருக்கிறது. ஆக டங் வெயிட் 940. நம் 13 சதவீத ஊகத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் பின் அச்சில் கூடியது 940 அல்ல, 1,320. முன் அச்சிலிருந்து 380 கழன்று வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு அச்சுக்கும் தனியாக ஓர் எடை வரம்பு உண்டு. இந்த டிரக்கின் பின் அச்சு வரம்பு 4,050 என்று வைத்தால், மொத்த வரம்பான 7,050-ஐத் தாண்டாமலேயே பின் அச்சு வரம்பைத் தாண்டிவிட்டது. அதைவிட மோசம் முன்பக்கம். ஸ்டியரிங் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியைப் பிடிப்பதும் முன்சக்கரங்கள்தான். அவை சாலையை அழுத்துவது குறைந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்பதும் குறையும். இரவில் எதிரே வருகிறவர் கண்ணில் உங்கள் விளக்கு அடிப்பதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய வருவது எடையைப் பகிரும் ஹிட்ச். ஹிட்ச்சிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் உறுதியான வில் கம்பிகள் போகும். அவற்றை முறுக்கேற்றி மாட்டும்போது, டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவே மடங்கித் தொய்யும் இடத்தை அவை நிமிர்த்தப் பார்க்கும். பின் அச்சிலிருந்து கொஞ்சம் எடை முன் அச்சுக்கும், கொஞ்சம் டிரெய்லர் அச்சுக்கும் நகரும்.

கம்பிகளை மாட்டிய பிறகு அதே மேடையில்: முன் அச்சு 3,120, பின் அச்சு 3,800, டிரெய்லர் அச்சு 6,380.

மொத்தம் அதே 13,300 தான், எடை எங்கும் காணாமல் போகவில்லை. முன் அச்சு இழந்த 380-இல் 240 திரும்ப வந்துவிட்டது, பின் அச்சு வரம்புக்குள் இறங்கிவிட்டது, 120 பவுண்டு டிரெய்லரிடமே போய்விட்டது. முன் அச்சுக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது ஒவ்வொரு டிரக்கின் கையேட்டிலும் இருக்கும். இழந்ததைவிட அதிகமாகத் திருப்பினால் பின்சக்கரப் பிடிப்பு குறைந்து அது வேறு தொல்லை.

இந்த ஹிட்ச்சை மாட்டினால் டிரக் அதிகம் சுமக்கும் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். டிரக்கின் மேலிருந்து குறைவது இந்த 120 மாதிரியான எடை மட்டும், அதிலும் முக்கால்வாசியை ஹிட்ச்சின் 90 பவுண்டு இரும்பே தின்றுவிடுகிறது. கதவு ஸ்டிக்கர் எண் மாறாது. பின்பக்கம் தாழாமல் இருக்க, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர் பேக்) மாட்டுவதும் இப்படித்தான். பார்வைக்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். முன் அச்சு இழந்த எடை திரும்பி வராது.

இன்னொன்று, டிரக்கில் ஹிட்ச் செருகும் குழாய்க்கும் தனி ஸ்டிக்கர் உண்டு. வெறும் பந்துக்கு ஓர் எண், எடையைப் பகிரும் ஹிட்ச்சுக்கு வேறோர் எண் என்று போட்டிருக்கும். பல அரை டன் டிரக்குகளில் முதல் எண் டிரெய்லருக்கு 5,000, டங் வெயிட்டுக்கு 500 தான். அப்படிப்பட்ட டிரக்கில் நம் 940 வெறும் பந்தில் உட்காரவே கூடாது.

டிரெய்லர் ஆட்டம்

இப்போது பின்பாரத்துக்கு வருவோம். டங் வெயிட் அதிகம் என்று பயந்து, சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைக்கிறவர்கள் உண்டு. பேலோடு கணக்கு அழகாகத்தான் தெரியும். சாலையில்தான் வினை.

டிரெய்லர் ஒரு பந்தில் மாட்டிய வண்டி. அந்தப் பந்தைச் சுற்றி இடம் வலமாக ஆட முடியும். பெரிய லாரி கடந்து போகும்போது தள்ளும் காற்று, பாலத்தின் மேல் வீசும் குறுக்குக் காற்று, சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்புவது, எதுவும் அந்த ஆட்டத்தைத் தொடங்கிவைக்கலாம். எடை மையம் அச்சுக்கு முன்னால் போதிய தூரம் இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். எடை மையம் பின்னால் போகப் போக அடங்கும் தன்மை குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகும். அப்புறம் டிரெய்லர்தான் டிரக்கை ஓட்டும். நீண்ட டிரெய்லர், குறைந்த டங் வெயிட், இறக்கத்தில் வேகம், இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். டிரக்கின் பிரேக்கை அழுத்தாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி டிரெய்லர் நேராகும். வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது காதில் விழும். ஆட்டம் வளர்வதே வேகத்தால்தான், அதை விட்டுவிடுங்கள். ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கம்பி போன்ற கருவிகள் நல்லவைதான், ஆனால் தவறாக ஏற்றிய டிரெய்லரை அவை சரியாக்கிவிடாது.

கனமான சாமானை டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும், தரைமட்டத்தில் வையுங்கள். பின் பம்பரில் சைக்கிள் தாங்கி மாட்டுவதை நான் விரும்புவதே இல்லை. நான்கு சைக்கிள்கள் அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் தொங்கும்போது, டங் வெயிட்டைத் தங்கள் எடையில் பெரும்பகுதி அளவுக்குக் குறைத்துவிட முடியும்.

பிரேக்

7,200 பவுண்டு டிரெய்லரை டிரக்கின் பிரேக்கே நிறுத்திவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டிரெய்லரின் சக்கரங்களில் மின்சார பிரேக் இருக்கும். டிரக்கின் உள்ளே இருக்கும் பிரேக் கன்ட்ரோலர் என்ற கருவி, எவ்வளவு அழுத்தத்தோடு அது பிடிக்க வேண்டும் என்று சொல்லும். மேலே சொன்னபடி டிரெய்லர் பிரேக்கைக் கையால் இயக்கும் பொத்தானும் அதில்தான் இருக்கிறது. வண்டி ஓட்டும் முன் விரல் அதை எங்கே தேட வேண்டும் என்று பழக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் இந்த வரம்பு 1,500 பவுண்டு. டிரெய்லர் கழன்றுபோனால் தானாக பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பி ஒன்றும் இருக்கும். அதைப் பாதுகாப்புச் சங்கிலியில் கோக்காமல் டிரக்கில் தனியாக மாட்ட வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் காலால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். டோ/ஹால் என்ற பொத்தானை அழுத்தினால் கியர்பாக்ஸ் தாழ்ந்த கியரிலேயே நின்று எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மலைச்சாலையில் அதைப் போடாமல் ஓட்ட ஒரு காரணமும் இல்லை.

காற்று

டோ ரேட்டிங் எடையைச் சொல்கிறது. டிராவல் டிரெய்லரின் முகப்போ 8 அடி அகலமும் கிட்டத்தட்ட அதே உயரமும் உள்ள ஒரு சுவர். அதே எடையில் படகோ ஜல்லி ஏற்றிய டிரெய்லரோ இழுப்பது இதைவிட எவ்வளவோ எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 55 மைலிலிருந்து 70-க்குப் போனால் எதிர்ப்பு 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கேலனுக்கு 20 மைல் கொடுக்கும் டிரக் 9, 10 என்று இறங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். மின்சார டிரக்கில் ஒரு சார்ஜில் போகும் தூரமும் கிட்டத்தட்டப் பாதியாகும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். மற்ற மாநிலங்களில் சட்டம் எதுவானாலும் 60, 65-க்குள் ஓட்டுவது டயருக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

கடைக்குப் போகும் முன் ஒரு தலைகீழ்க் கணக்கு

டிரெய்லரைப் பிடித்துப்போன பிறகு கணக்குப் போட்டால் மனசு எண்களை வளைக்கும். அதனால் டிரக்கிலிருந்து தொடங்குங்கள். கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஆட்கள், ஹிட்ச், தொட்டியில் எப்போதும் கிடக்கும் சாமான் மூன்றையும் கழியுங்கள். நம் உதாரணத்தில் 1,540-இலிருந்து 510, 90, இன்னொரு 100 போனால் 840. இது டிரக் தாங்கக்கூடிய டங் வெயிட். இதை 0.13-ஆல் வகுத்தால் சுமார் 6,460. முழுக்க ஏற்றிய நிலையில் டிரெய்லர் இதற்கு மேல் போகக் கூடாது.

அப்படியானால் கடையில் தேட வேண்டியது மொத்த எடை வரம்பு 6,500-ஐ ஒட்டிய டிரெய்லர். விற்பனையாளர் 7,600 வரம்புள்ள ஒன்றைக் காட்டி, காலி எடை 6,000 தானே என்பார். அப்போது ஸ்டிக்கர் படத்தைக் காட்டுங்கள். அந்த 7,600 டிரெய்லரில்தான் பிள்ளைகளுக்கு இரட்டை அடுக்குப் படுக்கை இருக்கிறது, அது இல்லாமல் முடியாது என்றால், பேலோடு 2,000-ஐ ஒட்டிய வேறோர் அரை டன் தேடலாம், அல்லது முக்கால் டன்னுக்குப் போகலாம். முக்கால் டன்னிலும் கதவைத் திறந்து பார்த்துவிட்டே வாங்குங்கள். டீசல் எஞ்சினும் ஆடம்பர இருக்கைகளும் சேர்ந்த சில வண்டிகளில் அந்த ஸ்டிக்கர், நல்ல அரை டன் ஒன்றின் எண்ணைவிடப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.